அதே நோயுடன் அதே ஆட்கள் ஏன் திரும்பி வருகிறார்கள்?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். நகரத்தில் ஏழைகள் நெருக்கியடித்துக்கொண்டு வாழும் ஒரு பகுதியில், இரண்டே ஊழியர்களை வைத்து ஒரு சின்ன அமைப்பை நடத்துகிறீர்கள். மாதம் ஒரு மருத்துவ முகாம், இடையிடையே விழிப்புணர்வு வகுப்பு. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் அதே ஆட்கள், அதே இருமல், அதே இரத்த அழுத்தம். யாரிடம் கேட்டாலும் "நோயின் சமூகக் காரணங்களைச் சரிசெய்யணும்" என்று சொல்லிவிட்டு வீடு, வேலை, கடன், சாக்கடை என்று அடுக்குகிறார்கள். அவற்றில் எதையாவது உங்களைப் போன்றவர்களால் தொட முடியுமா, இல்லை அது கருத்தரங்குகளில் மட்டும் புழங்கும் சொல்லா என்று கேட்கிறீர்கள். அதற்கு அடியில் இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது: இத்தனை நாள் நடத்திய முகாமெல்லாம் வீண்தானா?

நான் பொதுச் சுகாதாரம் படித்த மருத்துவர். இருபது வருடங்களுக்கு மேலாக இப்படிப்பட்ட பகுதிகளில்தான் வேலை. பொருளாதாரமோ கட்டடக் கலையோ எனக்குத் தெரியாது. அதனால் கீழே சொல்வதில் ஆய்வுகள் உறுதியாகக் காட்டியவை சில, என் அனுபவத்தில் நான் நம்புபவை சில. எது எது என்பதை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

வாழ்க்கை நிலைமை உடம்பைக் கெடுக்கிறது என்பதில் சந்தேகமே வேண்டாம். இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. 1842-இல் எட்வின் சாட்விக் இங்கிலாந்தில் வெளியிட்ட அறிக்கையில் ஒரு கணக்கு வருகிறது. மான்செஸ்டர் நகரத்துத் தொழிலாளர் குடும்பங்களில் இறந்தவர்களின் சராசரி வயது 17. ரட்லாண்ட் என்ற கிராமப்புறப் பகுதியின் கூலிக்காரர் குடும்பங்களில் அது 38. மான்செஸ்டரின் மேட்டுக்குடியினருக்கும் அதே 38தான். அதாவது கிராமத்துக் கூலிக்காரரும் நகரத்துப் பணக்காரரும் ஒரே தட்டில் நின்றார்கள், நகரத்து ஏழை பாதிக்கும் கீழே கிடந்தார். (17 வயதில் எல்லாரும் செத்தார்கள் என்று இதைப் படித்துவிடக் கூடாது. கைக்குழந்தைகளின் மரணம்தான் சராசரியை அப்படிக் கீழே இழுத்தது.) அதற்குப் பிறகு நூற்று அறுபது ஆண்டுகள் கழித்தும் கதை முழுதாக மாறவில்லை. உலக சுகாதார நிறுவனம் அமைத்த குழு 2008-இல் கொடுத்த அறிக்கையில், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், வறுமை மிகுந்த கால்டன் பகுதியில் ஓர் ஆணின் சராசரி ஆயுள் 54 என்றும், சில மைல் தள்ளியிருக்கும் வசதியான லென்சியில் 82 என்றும் இருக்கிறது. இலவச அரசு மருத்துவம் இரண்டு இடத்துக்கும் உண்டு. அப்படியும் 28 வருட வித்தியாசம்.

இந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கிய மைக்கேல் மார்மட் அதற்கு முன் பல ஆண்டுகள் பிரிட்டன் அரசு ஊழியர்களின் ஆரோக்கியத்தை ஆராய்ந்தவர். 1967-இல் தொடங்கிய அந்த வைட்ஹால் ஆய்வில் சுமார் 18,000 ஆண்கள். யாரும் பட்டினி கிடந்தவர்கள் இல்லை, எல்லாருக்கும் நிரந்தர வேலை. ஆனாலும் கடைநிலை ஊழியர்களின் இறப்பு விகிதம் உயர் அதிகாரிகளுடையதைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. புகை, கொழுப்பு, இரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்தும் இதய நோயில் இருந்த இந்த வித்தியாசத்தில் பாதியைக்கூட விளக்க முடியவில்லை. பதவி ஒவ்வொரு படி இறங்கும்போதும் உடம்பும் ஒரு படி இறங்கியது.

சரி, உறுதியில்லாத பக்கத்தையும் சொல்லவேண்டும். "ஆரோக்கியத்தில் மருத்துவத்தின் பங்கு 20 சதவீதம்தான், மீதி 80 சமூகக் காரணம்" என்று ஒரு கணக்கு எல்லா மேடையிலும் ஓடுகிறது. நீங்களும் கேட்டிருப்பீர்கள். அமெரிக்காவில் மாவட்டங்களைத் தரவரிசைப்படுத்த ஒரு குழு தன் மதிப்பீட்டுக்காக வைத்துக்கொண்ட மதிப்பெண் பங்கீடு அது. மருத்துவ வசதிக்கு 20, பழக்கவழக்கத்துக்கு 30, சமூக, பொருளாதார நிலைமைக்கு 40, சுற்றுப்புறத்துக்கு 10. தராசில் நிறுத்துப் பார்த்த அளவு என்று அதை எடுத்துக்கொள்ள முடியாது. நன்கொடை கேட்கும் விண்ணப்பத்தில் தயவுசெய்து போடாதீர்கள், விவரம் தெரிந்த ஒருவர் கேள்வி கேட்டால் மாட்டிக்கொள்வீர்கள். அதேபோல வறுமையால் நோய் வருகிறது என்பது எவ்வளவு உண்மையோ, நோயால் வறுமை வருகிறது என்பதும் அவ்வளவு உண்மை. ஒரு பகுதியில் நோயாளிகள் அதிகம் என்றால் அந்த இடம் அவர்களை நோயாளியாக்கியிருக்கலாம். நோயில் விழுந்து சம்பாத்தியம் போனவர்கள் குறைந்த வாடகை தேடி அங்கே வந்து சேர்ந்திருக்கவும் கூடும். கிளாஸ்கோவையே எடுத்துக்கொள்ளுங்கள். லிவர்பூலிலும் மான்செஸ்டரிலும் அதே அளவு வறுமைதான். இருந்தும் கிளாஸ்கோவில் அகால மரணம் சுமார் 30 சதவீதம் அதிகம் என்று 2010-இல் ஒப்பிட்டுக் காட்டினார்கள். வறுமை என்ற ஒரே சாவி எல்லாப் பூட்டையும் திறப்பதில்லை.

இனி, இந்தக் காரணங்கள் உடம்புக்குள் எப்படி நுழைகின்றன என்பதற்கு வருகிறேன். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு பெண், புத்தகங்கள் அதற்கு அப்புறம்தான். நாற்பத்தைந்து வயது இருக்கும், துப்புரவு வேலை. இரத்த அழுத்தம் குறையவே இல்லை. ஒவ்வொரு முறையும் மாத்திரைப் பட்டையில் பாதி அப்படியே இருக்கும். நான் திட்டியிருக்கிறேன், பக்கவாதம் வரும் என்று பயமுறுத்தியிருக்கிறேன். எட்டு மாதம் இப்படிப் போனது. ஒருநாள் எங்கள் செவிலியர் அவரைத் தனியாக உட்காரவைத்துப் பேசியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. நான் கொடுத்தது சிறுநீரை அதிகம் வெளியேற்றும் மாத்திரை. அவர் வேலை செய்யும் இடத்தில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. வேலை நாளில் மாத்திரையை விட்டுவிட்டு, விடுமுறை நாளில் மட்டும் போட்டுக்கொண்டிருக்கிறார். தண்ணீர் குடிப்பதையும் குறைத்திருக்கிறார், அதனால் அடிக்கடி நீர்க்கடுப்பு வேறு. அதற்கும் நான்தான் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். மாத்திரையை மாற்றினேன், அழுத்தம் இறங்கியது. என் பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே "மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை" என்று என் கையெழுத்தில் எழுதியிருந்தது. அடித்துவிட்டு "வேலையிடத்தில் கழிப்பறை இல்லை" என்று எழுதினேன்.

அந்த இரண்டு வாக்கியங்களுக்கும் உள்ள இடைவெளிதான் நீங்கள் கேட்டதற்கு என் பதில். முதல் வாக்கியம் நோயாளியை ஏதோ செய்யச் சொல்கிறது. இரண்டாவது, வேறு யாரோ செய்ய வேண்டிய ஒன்றைக் காட்டுகிறது. ஏழைகளின் ஆரோக்கியத்துக்காக நடந்த முயற்சிகளை இத்தனை வருடம் பார்த்ததில் எனக்கு ஏற்பட்ட முடிவு இது: அவர்களிடமிருந்து கூடுதலாக நேரம், பணம், மன உறுதி எதையும் கேட்காமல் சுற்றியுள்ளதை மாற்றியவை பெரும்பாலும் பலித்தன. "நீ மாறு" என்று கேட்டவை பெரும்பாலும் பலிக்கவில்லை. விதிவிலக்குகள் உண்டு, சொல்கிறேன்.

மெக்சிகோவில் வடபகுதி மாநிலமொன்றில் மண் தரை வீடுகளுக்கு அரசு செலவில் சிமென்ட் தரை போட்டுக்கொடுத்தார்கள். பக்கத்திலேயே, மாநில எல்லைக்கு அந்தப் புறம் ஒட்டியிருந்த நகரத்தில் அந்தத் திட்டம் இல்லை. ஒரே மாதிரி மக்கள், ஒரே மாதிரி வீடுகள், நடுவில் ஓர் எல்லைக்கோடு. ஆய்வாளர்களுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு அமையாது. வீடு முழுக்க மண் தரை மாறி சிமென்ட் ஆனால் சின்னக் குழந்தைகளிடம் குடல் புழுத் தொற்று 78 சதவீதமும், வயிற்றுப்போக்கு 49 சதவீதமும், இரத்தசோகை 81 சதவீதமும் குறைகிறது என்று 2009-இல் கணக்குக் காட்டினார்கள். தாய்மார்களின் மனச்சோர்வும் குறைந்திருந்தது. எந்த வீட்டுக்குக் கொடுப்பது என்பதைக் குலுக்கிப் போட்டுப் பிரித்து ஒப்பிடும் சோதனை இல்லை என்பதால் துல்லியமான எண்களைப் பற்றி நான் சண்டை போடமாட்டேன், ஆனால் போக்கில் சந்தேகமில்லை. யாரையும் கை கழுவச் சொல்லவில்லை, யாரையும் வகுப்புக்குக் கூப்பிடவில்லை. தரை மாறியது, அவ்வளவுதான்.

நியூசிலாந்தில் 1,350 வீடுகளில் நடந்தது முறையான குலுக்கல் சோதனை. குளிர் ஏறாமல் கூரைக்கும் தரைக்கும் காப்புப் போட்டார்கள். படுக்கையறையின் வெப்பநிலை கூடியது வெறும் அரை டிகிரி. அதற்கே மூச்சிரைப்பு குறைந்தது, பிள்ளைகள் பள்ளிக்கு மட்டம் போடுவதும் பெரியவர்கள் வேலைக்குப் போகாத நாட்களும் குறைந்தன, மருத்துவரைப் பார்க்கப் போவதும் குறைந்ததாக மக்கள் சொன்னார்கள். மருத்துவமனையில் சேர்வது குறைந்ததா என்பது மட்டும் உறுதியாகவில்லை. 2007-இல் வந்த முடிவு இது. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் குப்பை கொட்டிக் கிடந்த 541 காலி மனைகளை எடுத்துக்கொண்டார்கள். சிலவற்றைச் சுத்தம் செய்து புல்லும் மரமும் நட்டார்கள், சிலவற்றில் குப்பையை மட்டும் அள்ளினார்கள், சிலவற்றை அப்படியே விட்டார்கள். பசுமையாக்கிய மனைகளுக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்களில் மனச்சோர்வாக உணர்வதாகச் சொன்னவர்கள் 40 சதவீதத்துக்கு மேல் குறைந்தார்கள். குப்பையை மட்டும் அள்ளிய இடத்தில் மனச்சோர்வில் அப்படிப் பெரிய மாற்றம் இல்லை. மிக ஏழ்மையான பகுதிகளில் துப்பாக்கிச் சூடும் குறைந்தது. ஒரு காலி மனைக்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம் என்று நானும் முதலில் முகம் சுளித்தேன். ஆயுதத்தை ஒளித்து வைக்கப் புதர் வேண்டும், ஆள் நடமாட்டம் இல்லாத மூலை வேண்டும். யோசித்தால் புரிகிறது.

மறுபக்கம் பாருங்கள். லண்டனில் வசதி குறைந்த பகுதிகளில் சத்தான சாப்பாடு, உடற்பயிற்சி, மன நலம் மூன்றையும் மேம்படுத்த ஒரு பெரிய திட்டம் நடந்தது. நல்ல நோக்கம், அங்கிருக்கும் மக்களையே ஈடுபடுத்தினார்கள், சமையல் வகுப்பு, நடனம், தோட்டம் என்று எல்லாம் இருந்தது. இருபது பகுதிகளை இருபது பகுதிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது அந்த மூன்றிலும் சொல்லும்படியான மாற்றம் தெரியவில்லை. அதே பிலடெல்பியாவில், நல்ல காய்கறி கிடைக்காத பகுதியில் ஒரு பல்பொருள் அங்காடியைக் கொண்டுவந்து வைத்தார்கள். கடை வந்தது மக்களுக்குத் தெரிந்திருந்தது, ஆனால் அவர்கள் சாப்பிடும் காய்கறியின் அளவும் மாறவில்லை, எடையும் மாறவில்லை. கடை இருந்தால் போதுமா, வாங்கக் காசும் சமைக்க நேரமும் வேண்டாமா? விழிப்புணர்வு வகுப்பும் இந்தக் கணக்கில்தான் சேரும் என்று பயப்படுகிறேன். அரை நாள் கூலியை விட்டுவிட்டு வகுப்புக்கு வரக்கூடியவர், அந்தப் பகுதியிலேயே கொஞ்சம் நிலை தேறியவராக இருப்பார். சொன்னதைக் கடைப்பிடிக்கவும் அவரால்தான் முடியும். கடைசியில் நம் வகுப்பு அந்தத் தெருவுக்குள்ளேயே இருக்கும் ஏற்றத்தாழ்வைக் கூட்டிவிடும்.

என் முடிவுக்குள் சரியாக அடங்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஸ்காட்லாந்தில் 2018 மே மாதம் மதுவுக்குக் குறைந்தபட்ச விலை நிர்ணயித்தார்கள். மதுவால் மட்டுமே ஏற்படும் மரணங்கள் சுமார் 13 சதவீதம் குறைந்ததாக ஆய்வு மதிப்பிட்டது, மிக ஏழ்மையான பகுதிகளில்தான் அந்தக் குறைவு அதிகம். உயிர்கள் தப்பின. ஆனால் இது ஏழையிடம் எதையும் கேட்காத திட்டம் இல்லை, அவர் பையிலிருந்துதான் எடுக்கிறது. குடிக்கு அடிமையாகிவிட்ட சிலர் சாப்பாட்டுச் செலவைக் குறைத்துக்கொண்டு குடித்தார்கள் என்ற தகவலும் வந்தது. நன்மை அதிகம் என்றுதான் நினைக்கிறேன், இருந்தாலும் நிம்மதியாகச் சொல்ல முடியவில்லை.

நீங்கள் எழுதியதில் ஒரு வரி என்னை நிறுத்தியது. "நோய் தீவிரமான முப்பது பேரைத் தேர்ந்தெடுத்து ஆளுக்கு ஒரு வழிகாட்டியை வைத்தால்?" என்று கேட்டிருந்தீர்கள். இதே யோசனைதான் அமெரிக்காவில் கேம்டன் நகரில் புகழ்பெற்றது. திரும்பத் திரும்ப மருத்துவமனையில் சேரும் நோயாளிகளைக் கண்டுபிடித்து, செவிலியரும் சமூகப் பணியாளரும் வீட்டுக்கே போய், மருந்து, மருத்துவர், அரசு உதவி எல்லாவற்றையும் இணைத்துக் கொடுத்தார்கள். சேர்க்கை குறைந்ததைக் கண்டு ஊரே மெச்சியது. பிறகு 800 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்துச் சோதித்தார்கள். 2020-இல் முடிவு வந்தது. ஆறு மாதத்துக்குள் மறுபடி மருத்துவமனையில் சேர்ந்தவர்கள், உதவி பெற்றவர்களில் 62.3 சதவீதம், பெறாதவர்களில் 61.7 சதவீதம். முன்னால் பார்த்த முன்னேற்றம் எங்கே போனது? ஒருவர் மிக மோசமாக இருக்கும்போதுதான் நம் பட்டியலில் சேர்கிறார். அந்தக் கட்டம் தாண்டினால், யாரும் ஒன்றும் செய்யாவிட்டாலும் பலருக்குக் கொஞ்சம் தணியும். உதவி பெறாத கூட்டத்திலும் அதே அளவு தணிந்திருந்தது. உங்கள் முப்பது பேருக்கும் இது நடக்கும், ஆறு மாதத்தில் நீங்கள் ஒரு வெற்றிக் கதை எழுதிவிடுவீர்கள். ஒப்பிட ஒரு கூட்டம் இல்லாமல் அதை நீங்களே நம்பாதீர்கள். இன்னொரு காரணமும் இருக்கிறது என்பது என் ஊகம்: வீடு இல்லாதவரை வீட்டு உதவி அலுவலகத்தோடு இணைக்கலாம், அந்த அலுவலகத்திடம் கொடுக்க வீடே இல்லையென்றால் இணைத்து என்ன பயன்?

இடத்தை மாற்றுவது கஷ்டமென்றால் ஆட்களை வேறு இடத்துக்கு மாற்றலாமே என்றும் யோசித்தவர்கள் உண்டு. 1994-இல் தொடங்கி அமெரிக்காவின் ஐந்து நகரங்களில் சுமார் 4,600 ஏழைக் குடும்பங்களைக் குலுக்கலில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு வறுமை குறைந்த பகுதியில் குடியேற வாடகை உதவி கொடுத்தார்கள். பத்துப் பதினைந்து வருடம் கழித்துப் பார்த்தால் பெரியவர்களின் வருமானம் கூடவில்லை, ஆனால் பெண்களிடம் மிகை உடல் பருமனும் சர்க்கரை நோயும் குறைந்திருந்தன. பதின்மூன்று வயதுக்கு முன் இடம் மாறிய குழந்தைகள் இருபதுகளின் நடுவில் 31 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். கேட்கும்போது இனிக்கிறது. ஆனால் சின்ன வயதில் இடம் மாறிய பையன்களிடம் பதின்பருவத்தில் மனநலப் பிரச்சினைகள் அதிகமாகியிருந்தன, பெண்பிள்ளைகளுக்கு அது நல்லதாகவே அமைந்தது. ஏன் என்று யாருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. அப்புறம், எல்லாரையும் எங்கே கொண்டுபோய் வைப்பது? உங்கள் அளவில் இது ஆகாத காரியம். நான் இதைச் சொன்னதற்குக் காரணம், இடம் என்பது உடம்பில் ஏறுகிறது என்பதற்கு இதைவிட வலுவான சாட்சி இல்லை என்பதுதான்.

சரி, இரண்டு ஊழியர்களை வைத்துக்கொண்டு எதைத் தொடுவது? ஒரு நோய்க்குப் பின்னால் இருக்கும் காரணத்தைப் பார்க்கும்போது, "இதைச் சரிசெய்யும் சாவி யார் கையில் இருக்கிறது?" என்று கேளுங்கள். அந்த ஆளுக்குப் பெயரும் மேசையும் இருந்தால் அது நீங்கள் தொடக்கூடிய காரணம். "வறுமை" என்பதற்கு மேசை கிடையாது. ஒழுகும் கழிவுநீர்க் குழாய்க்கு உண்டு, கழிப்பறை இல்லாத வேலையிடத்துக்கு உண்டு, நிறுத்திவைக்கப்பட்ட உதவித்தொகைக்கு உண்டு. பாஸ்டனில் 1993-இல் ஒரு குழந்தை மருத்துவர், ஆஸ்துமா குழந்தைகள் மருந்து கொடுத்தும் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டு, மருத்துவமனைக்குள்ளேயே வழக்கறிஞரை உட்காரவைத்தார். வீட்டில் பூஞ்சை, வீட்டுக்காரர் சரிசெய்யமாட்டார், மருத்துவர் சொன்னால் கேட்கவும்மாட்டார். வழக்கறிஞரின் கடிதம் போனால் கதை வேறு. அந்த ஏற்பாடு பிறகு நூற்றுக்கணக்கான மருத்துவமனைகளுக்குப் பரவியது. வழக்கறிஞரைச் சம்பளத்துக்கு வைக்க உங்களால் முடியாது, ஆனால் மாதம் இரண்டு மணி நேரம் தரக்கூடிய ஒருவரைத் தேடினால் கிடைப்பார். முகாமுக்கு இரண்டாவது மருத்துவரைத் தேடும் நேரத்தில் இவரைத் தேடுங்கள் என்பேன்.

நான் செய்ததையும் சொல்கிறேன், தப்போடு சேர்த்து. ஒரு குடியிருப்பில் குழந்தைகளின் மூச்சிரைப்பு எங்களுக்குப் பெரிய தலைவலி. ஒரு வருடம் முழுக்கத் தாய்மார்களை உட்காரவைத்து வீட்டைச் சுத்தமாக வைத்திருப்பது பற்றிப் பாடம் நடத்தினோம். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. பிறகு எங்களோடு இருந்த ஒரு பயிற்சி மாணவி, பதிவேட்டில் இருந்த வீட்டு எண்களை ஒரு படத்தில் புள்ளி புள்ளியாக வைத்தார். பாதிக்கு மேற்பட்ட புள்ளிகள் இரண்டே வரிசையில் விழுந்தன. அந்த இரண்டு வரிசைக்கும் பின்சுவரை ஒட்டி உடைந்த கழிவுநீர்க் கால்வாய். சுவரில் இடுப்பளவுக்கு ஈரம், பூஞ்சை. எந்தத் தாய் எவ்வளவு துடைத்தாலும் போகாத ஈரம். சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு எழுதினோம், நான்கு மாதம் பதிலே இல்லை. மூன்றாவது முறை போகும்போது அந்த வரிசைப் பெண்கள் பன்னிரண்டு பேர் படத்தோடு வந்தார்கள். என் கடிதத்துக்கு அசையாத அலுவலகம் அவர்களைப் பார்த்து அசைந்தது. கால்வாய் சரிசெய்யப்பட்டது. மூச்சிரைப்பு குறைந்ததா? அடுத்த வருடம் பதிவேட்டில் நன்றாகவே குறைந்திருந்தது. ஆனால் அந்த வருடம் மழையும் குறைவு. ஒப்பிட வேறு வரிசையை நான் அளந்து வைக்கவில்லை. குறைந்தது கால்வாயால்தான் என்று நம்புகிறேன், நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை.

தப்பு வேறிடத்தில். நாங்கள் கொடுத்த பட்டியலில் வீட்டு எண்கள் அப்படியே இருந்தன. அது எப்படியோ ஒரு வீட்டுக்காரர் கைக்குப் போய், "புகார் கொடுத்தவர்கள்" என்று ஒரு குடும்பத்தைக் காலி செய்ய வைத்தார். அவர்கள் புகாரே கொடுக்கவில்லை, குழந்தையைக் காட்ட வந்தவர்கள். அதற்குப் பிறகு வரிசை அளவில் மட்டுமே கணக்குக் கொடுப்பேன், வீட்டு எண்ணோடு எதுவும் வெளியே போகாது. நீங்களும் முதல் நாளிலிருந்தே அப்படி வையுங்கள். வீடு நன்றாக ஆனதும் வாடகை ஏறும் என்பதையும் முன்கூட்டியே யோசியுங்கள். பழுது பார்த்ததால் பழைய குடித்தனக்காரர்கள் வெளியேற நேர்ந்தால், ஆரோக்கியம் புதிதாக வந்தவர்களுக்குத்தான் போய்ச் சேரும்.

பண விஷயத்தில் சுருக்கமாக. மருத்துவ இடத்திலேயே ஒருவரை உட்காரவைத்து, சேரவேண்டிய அரசு உதவிகளுக்கு மனு எழுதிக் கொடுப்பது நல்ல வேலை. இப்படிச் செய்த இடங்களில் மக்களுக்குப் பணம் வந்து சேர்ந்தது தெளிவு, உடல்நலம் எவ்வளவு மேம்பட்டது என்பதற்கான ஆதாரம் பலவீனம். அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில் 2008-இல் அரசு மருத்துவக் காப்பீட்டைக் குலுக்கலில் கொடுத்தபோது இரண்டு வருடத்தில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பெரிதாக மாறவில்லை, ஆனால் மனச்சோர்வு குறைந்தது, வருமானத்தையே விழுங்கும் அளவு மருத்துவச் செலவு வருவது கிட்டத்தட்ட மறைந்தது. கடனுக்குப் பயப்படாமல் தூங்குவதே ஒரு பலன் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். இரத்த அழுத்தத்தை மட்டும் பார்ப்பவர்கள் தோல்வி என்பார்கள்.

உங்கள் கைக்கு எட்டாதவையும் இருக்கின்றன, அதை ஒளிக்கக் கூடாது. கூலி, வாடகைச் சட்டம், பெரிய அளவிலான பண உதவி இதெல்லாம் அரசாங்கம் செய்ய வேண்டியது. அரசாங்கம் முனைந்தால் முடியும் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. பிரேசிலில் ஏழைக் குடும்பங்களுக்கு மாதாமாதம் பணம் கொடுக்கும் திட்டம் நன்றாகப் பரவிய நகராட்சிகளில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இறப்பு 17 சதவீதம் கூடுதலாகக் குறைந்ததாக 2013-இல் ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது. இங்கிலாந்தில் 2010 வரை பத்தாண்டுக்கு மேல் நடந்த ஏற்றத்தாழ்வு ஒழிப்பு முயற்சியின்போது ஏழைப் பகுதிகளுக்கும் மற்றவற்றுக்கும் இருந்த ஆயுள் இடைவெளி மெல்லக் குறைந்தது, அது நின்ற பிறகு மறுபடி விரியத் தொடங்கியது.

எங்கே தொடங்குவது என்று அங்கே குடியிருப்பவர்களைக் கேளுங்கள். அவர்கள் சர்க்கரை நோயைச் சொல்லமாட்டார்கள், தெருவிளக்கைச் சொல்வார்கள். தெருவிளக்கையே முதலில் செய்யுங்கள். நீங்கள் நினைத்த பிரச்சினை அதுவாக இருக்காது, பரவாயில்லை. அது எரிந்த பிறகுதான் அடுத்ததை உங்களிடம் சொல்வார்கள்.

முகாம் வீணா என்ற கேள்விக்கு வருகிறேன். வீண் இல்லை, நிறுத்தாதீர்கள். மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்கே குறைவாகக் கிடைக்கிறது என்று வேல்ஸில் சுரங்கத் தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்த்த ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971-இலேயே எழுதினார். அந்தப் பள்ளத்தில் நீங்கள் கொஞ்சம் மண் போடுகிறீர்கள். முகாமில்தான் தெருவே உங்களைத் தேடி வருகிறது, அதனால் பதிவேட்டை மட்டும் மாற்றுங்கள். நோயின் பெயருக்கும் மருந்துக்கும் நடுவில் ஒரு கட்டம் சேர்த்து, "இதைச் சரிசெய்ய எது தடையாக இருக்கிறது" என்று அவர் வாயால் சொல்வதை அப்படியே எழுதுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தக் கட்டத்தை மட்டும் வரிசையாகப் படியுங்கள். வகுப்புகளைப் பாதியாகக் குறைத்தால் இதற்கு நேரம் கிடைக்கும்.

இன்னொன்று, முகாமை எத்தனை மணிக்கு வைக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. நான் ஆறு வருடம் காலை பத்து மணிக்கு வைத்தேன், எனக்கு அதுதான் வசதி. இந்த ஆண்களுக்கு உடம்பைப் பற்றி அக்கறையே இல்லை என்று கூட்டங்களில் பேசவும் செய்தேன். ஒருமுறை வேறு காரணத்துக்காக மாலை ஏழரைக்கு மாற்ற நேர்ந்தது. வேலை முடிந்த கையோடு, கால் கழுவக்கூட நேரமில்லாமல், நாற்பது ஆண்கள் வரிசையில் நின்றார்கள்.